அம்பகரத்தூர் ஸ்டேஷனிலிருந்து வந்த போன்

ஜின், பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காரைக்காலில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதற்கும் காரணம் கேட்பேன். நீங்களும் நம்பவேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் என் வாப்பா காணாமல் போனார். ஞாபகம் போய்த் தன் பெயரே தெரியாத நிலை அவருக்கு. நான் மதியம் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பினால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. பஸ் ஸ்டாண்ட், கடற்கரை, ஆஸ்பத்திரி என்று நனைந்துகொண்டே ஓடினேன். அரசலாற்றுப் பாலத்தில் நின்று, கரையைத் தொட்டு ஓடிய தண்ணீரைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் போன் வந்தது. வயதான ஆண் குரல்.

"அம்பகரத்தூர் ரயில் ஸ்டேஷன்லேர்ந்து பேசுறேம்மா. உங்க வாப்பா இங்கதான் இருக்காங்க. வண்டி வர்றதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போங்க."

கைகாட்டி நிறுத்திய ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அங்க ஏது அக்கா ஸ்டேஷன்?"

அவர் கேட்டது நியாயம்தான். ஒரு காலத்தில் பேரளத்துக்கு ரயில் ஓடிய பாதை அது. நெல் மூட்டையும் கருவாட்டுக் கூடையும் ஏறி இறங்கிய ஸ்டேஷன். கப்பல் வேலைக்குப் போன நாட்களில் வாப்பாவும் அந்த வண்டியில்தான் போவாராம். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது கூரையில்லாத சுவர்களும் கருவேல முள்ளும்தான்.

முள்ளை விலக்கிக்கொண்டு ஓடினேன். டிக்கெட் கொடுத்த சன்னலுக்குக் கீழே வாப்பா உட்கார்ந்திருந்தார். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த அடைமழையில் அவர் சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆட்டோக்காரரும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். என் நம்பர் வாப்பாவுக்குத் தெரியாது, எழுதிய சீட்டும் அவரிடம் இல்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர்தான் உட்கார வச்சாரு," என்றார் வாப்பா. பல மாதங்களுக்குப் பிறகு அவர் கோர்வையாகப் பேசியது அன்றுதான். "எனக்கு டிக்கெட் இல்லையாம். வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

கையைப் பிடித்து இழுத்தால் வரமாட்டேன் என்கிறார். உள் அறையையே திரும்பித் திரும்பிப் பார்த்து அழுகிறார்.

"அந்தப் பொம்பளப் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்மா. கைக்குழந்தையோட உள்ள உட்கார்ந்திருக்கு. அதைத் தேடி யாரும் வரல."

உள் அறை வாசல் இருட்டாகத் தெரிந்தது. வாப்பாவை ஆட்டோவுக்குள் தள்ளி, கிளப்பச் சொல்லிவிட்டேன்.

மறு வருடம் வாப்பா மவுத்தாகிவிட்டார். அந்தப் பாதையில் இப்போது மறுபடி ரயில் ஓடுகிறது, நான் ஏறியதில்லை. பேசியது யார் என்றுகூட நான் இப்போது யோசிப்பதில்லை. அந்த உள் அறை வாசல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.