ஓசாகாவுக்குக் கட்டிய பெட்டி

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மாவிளக்கை ஏந்தி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அது ராஜாமணி அக்காவுக்காக ஏற்றியது. பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அவர்தான் அனுப்பியிருந்தார். ஜப்பானுக்குப் போவது அவர், வெயிலில் நிற்பது நான் என்று முனகிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. அக்காவின் வீட்டுக்காரர் பெரியத்தான் பேசினார்.

"மாரி, காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

தீட்டு வந்துவிட்டது, இனி சன்னதிக்குப் போகக் கூடாது. பின்னால் நின்ற முகம் தெரியாத பெண்ணிடம் விளக்கைக் கொடுத்துவிட்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணன் மனைவி. பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சாபீஸ் வீட்டுக்கு இருவரும் மருமகள்களாக வந்தோம். அவர் வைத்த குழம்பை மாமியார் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். நான் வைத்ததை விரல் நுனியில் தொட்டு உப்புப் பார்ப்பார். அவர் நட்ட முருங்கை காய்த்துத் தள்ளும். என்னுடையதில் கம்பளிப் பூச்சி. வெள்ளி, செவ்வாய் விரதம் இருந்தவள் நான். வரம் வாங்கியவர் அவர். இதை அம்மனிடமே கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது, துக்கம் கழியும்வரை என் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தவரும் அவர்தான். அழுதுகொண்டே அவர் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் மகன் செந்தில் ஓசாகாவுக்கு வேலைக்குப் போனான். ஒருநாள் போனில், "அம்மா, இங்கன கோடையில ஆத்துல வாணவேடிக்கை விடுவாக. ஊரே கரையில பாய் விரிச்சு உக்காந்து பாக்கும். நீங்களும் அப்பாவும் வாங்க" என்றான். அன்று பிடித்தது அக்காவுக்கு அந்த ஆசை.

பெரியத்தான் மறுத்தார். "சீசன்ல அச்சாபீசைப் பூட்டிட்டு வெடி பாக்கப் போறதா? கேட்டா ஊரே வாயால சிரிக்காது."

"தீவாளியன்னைக்கு நம்ம வீட்டுல யாரு வெடி பாத்தா?" என்றார் அக்கா. "சீசன் அசதில அம்புட்டுப் பேரும் உறங்குறோம். இத்தன வருசமா லேபிள்லதான் பாத்திருக்கேன். ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

அத்தான் இறங்கி வந்தார். பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது, பருப்புப் பொடி இடித்தாயிற்று. அங்கே நிறைய நடக்க வேண்டும் என்று மகன் சொன்னதால், அக்கா சேலைக்குக் கீழே கேன்வாஸ் சூ மாட்டி அச்சாபீஸ் முற்றத்தில் நடந்து பழகினார். நான் தினமும் போய் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"என்னக்கா, போலீசு வேலைக்கா போறீக?"

"ஒனக்கு வயித்தெரிச்சல்டி."

"எரியத்தான் செய்யுது. நீங்க மட்டும் போனா எரியாதா?"

"அடுத்த தடவ ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

"ஊட்டிக்குப் போறப்பவும் இதத்தான் சொன்னீக."

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியாக அவரைப் பார்த்த அன்று பெட்டி திறந்து கிடந்தது. புதிதாக எடுத்திருந்த மாம்பழ நிறப் பட்டுச் சேலையை ஆசையாகத் தடவினேன். மடிப்புக்குள் ஏதோ தட்டுப்பட்டது. கம்பி மத்தாப்புப் பாக்கெட்டுகள்.

"என்னக்கா இது? பிளேன்ல இத ஏத்துனா பிடிச்சு உள்ள போட்டுருவாக."

"பின்ன, சிவகாசிக்காரி வெறுங்கையோடவா போவா? செந்திலு மொதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க?"

எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. கல்யாணமோ கலெக்டர் ஆபீசோ, எங்கே போனாலும் கையில் ஒரு பட்டாசுப் பெட்டி இருக்கும். நான் ஒவ்வொன்றாக உருவி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"வெறுங்கையோட அனுப்புறியே மாரி. போ, நாளைக்கு இருக்கன்குடிக்காவது போயி எனக்கு விளக்குப் போடு. நீ கேட்டாத்தான் ஆத்தா குடுப்பா."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஓசாகாவிலிருந்து செந்தில் வந்து சேரும்வரை அக்காவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். குளிப்பாட்டி, அந்த மாம்பழ நிறப் பட்டையே உடுத்தினோம். தலை நிறையப் பூ, நெற்றி நிறையக் குங்குமம். "சுமங்கலியாப் போறாக, குடுத்து வச்சவுக" என்றார்கள் வந்தவர்கள். அந்த வரத்துக்காக நான் எத்தனை ஆடி வெள்ளி மண்சோறு சாப்பிட்டிருக்கிறேன். அதுவும் அவருக்கே போயிற்று.

தூக்குவதற்கு முன்னால் கொசுவத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். கைப்பையில் கிடந்த பாக்கெட்டுகளை, அவர் வைத்திருந்த மாதிரியே பட்டின் மடிப்புக்குள் வைத்தேன். இந்தப் பயணத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் கிடையாது.

சாயங்காலம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த செந்தில் என் அருகில் உட்கார்ந்தான்.

"சித்தி, தீ வச்ச கொஞ்ச நேரத்துல வெள்ள வெள்ளையாப் பூத்து விழுந்துச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டே நின்னோம். மத்தாப்பு வச்சீகளா?"

"ஒங்கம்மா எங்க போனாலும் வெறுங்கையோட போமாட்டாகல்லப்பா."

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அந்த வேடிக்கையையும் நான் பார்க்கவில்லை.

அக்கா, அங்கே நல்ல கரையாகப் பார்த்துப் பாய் விரித்து, பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள். அடுத்த தடவை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.