கேட்டில் எதிரே வந்த டிராக்டர்

ராசிபுரம் பக்கம் ரயில்வே கேட் மூடினால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிசையில் நிற்காமல், எதிரே வருபவர்களுக்கான வலப்பக்கத்தையும் அடைத்துக்கொண்டு முன்னால் போய் நிற்போம். அன்று என் முட்டை வேனையும் அப்படித்தான் நிறுத்தினேன்.

கேட் திறந்ததும் பாய்ந்தேன். தண்டவாளத்தின் மேலேயே, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வந்து நின்றது. எனக்கோ பின்னால் நகர இடமில்லை.

மறுபடி மணி அடிக்க ஆரம்பித்தது. கேட்டை மூட முடியாததால் சிக்னல் கிடைக்காமல், தூரத்தில் ஒரு கூட்ஸ் நின்று ஹாரன் அடித்தது.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். டிராக்டர்காரர் இறங்கி வந்து என் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"உங்களால முடியாதுங்க. நானே ரிவர்ஸ் எடுத்துக்கறனுங்க."

டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது எத்தனை சிரமம் என்று வண்டி ஓட்டுகிற எனக்குத் தெரியும். கோணிக் கோணி, நேராக்கி, ஒருவழியாக ஒதுங்கினார்.

மன்னிப்புக் கேட்க அவரருகே வேனை நிறுத்தினேன்.

"போங்க சாமி, ரயில்காரன் காத்துட்டிருக்கறான்."

இப்போது எத்தனை பேர் முந்தினாலும் இடப்பக்கமே நிற்கிறேன். அவர் முகம் சரியாக நினைவில்லை. அதனால் எதிரே வரும் எல்லா டிராக்டருக்கும் வழி விடுகிறேன்.