குளவி கட்டிய கூடு

பூவாத்தாளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், திருச்செங்கோட்டுப் பக்கத்தில் அவளைப்போல ஓயாமல் வளையவந்த மருமகள் கிடையாது. உட்கார்ந்தால்தான் அந்த நினைப்பு வந்துவிடுமே! கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஓடியும் வயிறு திறக்கவில்லை. மாமியார் சென்னம்மாள், மகன் கண்ணுசாமிக்கு இரண்டாந்தாரம் தேடத் துடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுசாமியோ, அம்மா எதிரில் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருப்பவன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குளவி ஈரமண்ணைக் கவ்விக்கொண்டு வந்து நிலைப்படிக்கு மேலே அப்பத் தொடங்கியது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. செம்மண் என்றால் பெண், களிமண் என்றால் ஆண் என்று பக்கத்து வீட்டுக்காரி மண்ணைக் கிள்ளிச் சோதித்து, ஆண்தான் என்றே சொல்லிவிட்டாள். சென்னம்மாளும் அரைமனதாக, கூடு திறக்கிற மட்டும் பெண் பார்க்கப் போவதில்லை என்று ஒத்துக்கொண்டாள்.

அப்புறம் பூவாத்தாள் பட்ட பாடு இருக்கிறதே! விளக்குமாறு அந்தப் பக்கம் போகக்கூடாது. புகை படுமென்று அடுப்பையே வெளியே கொண்டுபோய் வைத்தாள். குளவி பச்சைப் புழுக்களைத் தூக்கிவந்து உள்ளே திணித்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போய்விட்டது. அது ரீங்காரமிட்டே புழுவைத் தன் பிள்ளையாக மாற்றிவிடும் என்பார்கள். போனது திரும்பி வரவேயில்லை. அப்படியானால் ரீங்காரமிடுவது யார்? காதை வைத்துக் கேட்டாள், சத்தமே இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் பொறுக்கமாட்டாமல் நகத்தால் கூட்டைப் பெயர்த்தே விட்டாள்.

உள்ளே புழுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. தொட்டால் லேசாக நெளிந்தன, நகர முடியவில்லை. அதில் ஒன்றை வெள்ளையாய் ஒரு குளவிக் குஞ்சு கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அட பாவமே, தூக்கிவந்தது வளர்க்க இல்லை, தன் பிள்ளைக்கு இரை போட! கொட்டி முடக்கி, அழுகாமலிருக்க உயிரை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இந்த வீட்டுக்குத் தன்னைக் கொண்டுவந்ததும் இப்படி ஒரு பிள்ளைக்காகத்தானே என்று தோன்றியதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

உடைந்த கூட்டைப் பார்த்த சென்னம்மாள், குலத்தையே கெடுத்துவிட்டாள் என்று வீடே அதிரக் கத்தினாள். மறுநாளே பெண் பார்க்க வண்டி பூட்டியாயிற்று. கண்ணுசாமிக்குப் பக்கத்தில் பூவாத்தாளும் ஏறி உட்கார்ந்தாள். மூத்தவளே சம்மதித்து வந்தால் பெண் வீட்டார் தயங்கமாட்டார்கள் என்று மாமியாருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

போன வீட்டில் பெண்ணின் அம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெண், சதையே பிடிக்காத சிறுசு. பூவாத்தாள் எழுந்து நின்றாள்.

"எனக்குப் புள்ள இல்லீங்க. கொறை எனக்கா அவுருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க. நாளைக்கு உங்க புள்ளையவும் மலடின்னுதான் சொல்லுவாங்க."

சென்னம்மாள் பல்லைக் கடித்தாள். கண்ணுசாமி தலை நிமிரவில்லை. பெண்ணின் அம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீட்டிய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.