குட்டி போட்ட அமானிதம்

மலைக்கு மேலே போனால் மனசு தெளிந்துவிடும் என்று கீழ்நாட்டில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஊட்டி காந்தலில் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை கட்டி வாடகைக்கு விடும் ஹபீபுன்னிசா, அப்படித் தெளிய வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டாள். ஏப்ரலில் வருவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு "ஆஹா" என்பார்கள். ஜூலை மழை பிடித்து, செருப்பில் பூஞ்சை ஏறி, துவைத்த துணி காயாமல் நாறத் தொடங்கியதும் தெளிந்த மனசு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடும்.

அப்படி ஏறியவர்களில் அய்யாவு தனி ரகம். அப்பனும் ஆத்தாளும் வைத்த பேர் அய்யாவு. வாடகை ஒப்பந்தத்தில் அதுதான் இருந்தது. செல்போனில் மலை வாழ்க்கையைப் பற்றி வீடியோ போடும்போது மட்டும் அவன் ஆயுஷ். டீக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, பனியைப் பார்த்துத் தத்துவம் பேசுவான். அந்தக் கோப்பையைக் கழுவுவதற்கு மட்டும் தத்துவம் உதவாது. வாசலில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். தத்துவத்துக்குத் துணையாக மார்க்கெட் பக்கம் திரிந்த செவலை நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்து மோச்சா என்று பேர் வைத்தான். வீடியோவில் அது அவன் மடியில் தூங்கும். வீடியோ முடிந்ததும் மழையில் கட்டிக் கிடக்கும்.

"ஆன்ட்டி, ரெண்டே நாள், சென்னை போயிட்டு வந்துடறேன். மோச்சாவையும் ரூமையும் பாத்துக்கங்க" என்று ஒரு ஜூலைக் காலையில் சாவியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. அறையில் அவன் விட்டுப்போன செல்வம் இது: பஞ்சு பிதுங்கிய மெத்தை, தந்தி அறுந்த கிடார், பூஞ்சை ஏறிய செருப்பு, மிதித்தால் எங்கும் போகாத உடற்பயிற்சி சைக்கிள், உடம்பு தேற்றும் மாவு டப்பாக்கள், செத்த மீனோடு ஒரு கண்ணாடித் தொட்டி.

ஹபீபுன்னிசாவுக்கு மார்க்கெட்டில் கம்பளித் தொப்பியும் மப்ளரும் விற்கும் சின்னக் கடை. புருஷன் மௌத்தான பிறகு அவளேதான் நடத்துகிறாள். பக்கத்து வீடு கொழுந்தன் ஃபாரூக்குடையது. பள்ளிவாசல் கமிட்டியில் சேர்ந்ததிலிருந்து அவன் கண்ணில் ஊரார் வீட்டு அசுத்தமெல்லாம் பட ஆரம்பித்திருந்தது. தன் வீட்டுச் சாக்கடை மட்டும் இன்னும் படவில்லை.

"ஏனுங்க அண்ணி, நாய் இருக்கற ஊட்டுக்கு மலக்குமாருக, வானத்துத் தூதருக, வர மாட்டாங்க. பைக்காரா ரோட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வந்தர்றேன்" என்றான்.

நாய் நடுங்கிக்கொண்டு அவளையே பார்த்தது. எனக்கு இதைப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற பயம். அதனால் பெரிய வார்த்தை ஒன்றைத் தூக்கிப் போட்டாள்.

"ரோட்டுல உடறதா? அது அமானிதம், ஃபாரூக். நம்பிக் கையில குடுத்துட்டுப் போனது. நாளைக்கு அல்லா கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவே?"

ஃபாரூக் தன் வீட்டுக்குத் திரும்பினான். நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பாற்றி, கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் கை வைப்பது பாவம். கமிட்டிக்காரனானாலும் அதற்கு மேல் பேச முடியாது.

ஒன்றரை வருஷம் அந்த ஒரு வார்த்தையில் ஓடியது. தகரக் கொட்டகையில் நாய்க்குச் சாக்கு விரித்தாள், அமானிதம். சாக்கு ஈரமென்று விலைபோகாத மப்ளரை விரித்தாள், அதுவும் அமானிதம். கறிக்கடையில் எலும்பு கேட்டு வாங்கினாள். வெயில் அடித்த நாளெல்லாம் அய்யாவுடைய மெத்தையையும் பூஞ்சைச் செருப்பையும்கூட எடுத்துக் காயப்போட்டாள்; நாயை மட்டும் கவனித்தால் ஊர் கண்டுபிடித்துவிடுமே! சாயங்காலம் கடை சாத்தி வரும்போது தெருமுனையில் நின்று அது கூடவே நடந்து வரும். "எங்க ஊட்டு நாய் இல்லீங்க" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே வருவாள். ஜனவரிப் பனியில் அது ஆறு குட்டி போட்டது. அப்பன் தெருவில் எவனோ.

குட்டிகள் கண் திறந்த சமயத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தன் கட்சிக்காரரின் செல்லப்பிராணியையும் உடைமைகளையும் ஹபீபுன்னிசா சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறாளாம். அவள் நோட்டீசோடு தேடிப்போன வக்கீல் சகாயம் அதைப் படித்துச் சிரித்துவிட்டுத் தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அய்யாவு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என் மோச்சாவை என்கிட்டேர்ந்து பிரிச்சுட்டாங்க" என்று விம்மினான். நாய்த்தீனி கம்பெனி ஒன்று விளம்பரத்துக்கு மோச்சாவைக் கேட்டிருக்கிறது என்றும் அதிலேயே வாய் தவறிச் சொல்லியிருந்தான். பாசத்தின் ஊற்றுக்கண் அங்கே இருந்தது.

"அக்கா, ஒப்பந்தத்துல தெளிவா இருக்குது. காலி பண்ணி ஒரு மாசத்துக்கு மேல எடுக்காத பொருளுக்கு அவன் உரிமை கேக்க முடியாது. நீங்க வாயே தொறக்காதீங்க" என்றார் சகாயம்.

கோர்ட் வளாகத்துச் சமரச மையத்தில் மூத்த வக்கீல் சுமலதா நடுவில் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்டார். சகாயம் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்ததும் அய்யாவுடைய வக்கீல் தன் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டார். ஆனால் அய்யாவு முன்னால் சாய்ந்து, குரலில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு பேசினான்.

"ஆன்ட்டி, ஃபாரூக் பாய்கிட்ட பேசினேன். அமானிதம்னுதானே வெச்சிருந்தீங்க? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிடறேன்."

சாமி, அல்லா, அமானிதம் எதிலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. அடுத்தவர் நம்பிக்கையை எந்த இடத்தில் பிடித்துத் திருகினால் வலிக்கும் என்பது மட்டும் அத்துப்படி. சகாயம் தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை பலமாகச் செருமினார்.

"ஆமாங்க. அமானிதந்தான்" என்றாள் ஹபீபுன்னிசா.

சகாயம் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டார். அடுத்த வாரம் அதே இடத்தில் எல்லாவற்றையும் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று.

"பீடை ஒழிஞ்சுது" என்று ஃபாரூக் சந்தோஷப்பட்டான். ஹபீபுன்னிசா கொட்டகைக்குப் போய்க் குட்டிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அய்யாவு மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம் பெரிது. நாயைக் காப்பாற்ற எடுத்த வார்த்தை, நாயைக் கொண்டுபோகிற கயிறாகிவிட்டது. பிடித்திருக்கிறது என்று அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

அவள் அடுத்துச் செய்ததைத் தந்திரம் என்று மார்க்கெட்டில் இப்போதும் புகழ்கிறார்கள். அதெல்லாம் கட்டுக்கதை. அவளுக்கு இருந்தது பயம். ஒரு டப்பா மூடி குறைந்தாலும் மறுமையில் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் வாடகைக்கு ஓட்டும் மாரிச்சாமியின் ஜீப்பை வரச்சொல்லி, மெத்தை முதல் மீன் தொட்டி வரை அத்தனையையும் ஏற்றினாள். நாயை ஏற்றினாள். கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அய்யாவு ஒரு சின்னக் காரில், கேமராவோடு ஒரு சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனைக் கண்டதும் நாய் குழைந்து குழைந்து வாலாட்டியது. நாய்க்கு ரோஷம் ஏது? ஹபீபுன்னிசாவுக்கு வயிறு எரிந்தது.

மாரிச்சாமி மெத்தையை இறக்கியதும் அய்யாவு பதறினான். "இதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி? குப்பை. மோச்சா மட்டும் போதும்."

"நோட்டீஸ்ல குப்பையின்னு எழுதலையே தம்பி. உடைமைன்னுதான் இருந்துச்சு. சரி பாத்து எடுத்துக்கங்க." கூடையை அவன் காலடியில் வைத்தாள். "இதையும்."

"என்னது இது?"

"குட்டிக. அமானிதமா உட்ட ஆடு குட்டி போட்டா, குட்டியும் ஆட்டுக்காரருக்குத்தான். நாயிக்கு மட்டும் வேற நாயமா?"

குட்டி ஒன்று கூடையிலிருந்து உருண்டு வந்து அவன் வெள்ளை ஷூவில் மூத்திரம் பெய்தது. கேமராக்காரன் நாயின் தொங்கிய மடியையும் தெரிந்த விலா எலும்பையும் பார்த்துவிட்டு, "ப்ரோ, இப்படி இருந்தா ஷூட் பண்ண முடியாது" என்றான்.

"குட்டிங்க என்னோடது இல்ல. எனக்கு வேணாம்" என்றான் அய்யாவு.

"தாயி உன்னுது, புள்ளைக மட்டும் ஊரானுதா?" மரியாதையை அவள் அங்கேயே விட்டுவிட்டாள். "பால் குடிக்கறதுகளப் பிரிச்சுப் போட்டுட்டுப் போவியா? ஒருக்கா உட்டுட்டுப் போனே, வெச்சுப் பாத்தேன். இன்னொருக்கா உட்டா நான் வாங்கிக்க மாட்டேன்."

அய்யாவு கேமரா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மோச்சாவே முடிவு பண்ணட்டும். அவ யார்கிட்ட போறான்னு பாப்போம்" என்றான்.

"நாய்கிட்டத் தீர்ப்புக் கேக்கறதுக்கு நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" என்றார் சுமலதா. "எடுத்தா எல்லாத்தையும் எடுங்க. இல்லைன்னா எதுவுமே வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷூவைப் புல்லில் தேய்த்துவிட்டு, காரேறிப் போய்விட்டான். விட்டுக்கொடுப்பதே அன்பு என்று அன்று சாயங்காலமே வீடியோ வந்தது. ஏராளமான பேர் அழுதார்களாம்.

ஜீப் வீட்டுக்குத் திரும்பியபோது ஃபாரூக் வாசலில் நின்றான். "ஏனுங்க அண்ணி, அவந்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டானாமே. இனி அது அமானிதம் இல்லியே. அப்பறம் யார் ஊட்டு நாயின்னு இங்க வெக்கறீங்க?"

அவன் வாயிலிருந்து நியாயமான கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. ஒளிந்துகொள்ள அவளுக்கு ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. எதிர்வீட்டு ஜன்னல் வேறு திறந்திருந்தது.

"எங்க ஊட்டு நாய்" என்றாள். செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னாள். "எங்க ஊட்டு நாய்தான். எனக்குப் புடிச்சிருக்குது, வெச்சிருக்கறேன். கொட்டாயில கெடக்கும். உனக்கென்ன?"

ஒன்றும் இடிந்து விழவில்லை. ஜன்னலில் தெய்வம்மாவின் தலை தெரிந்தது. "அதுதான் ஊருக்கே முன்னமே தெரியுமே அக்கா. குட்டியில எனக்கு ஒண்ணு தாறீங்களா?"

ஹபீபுன்னிசா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.