ஹெட்லைட்டுக்குள் மழை

வண்டிகளுக்கு வெளிச்சம் கொடுக்கும் தொழில் என்று பேர். நாள் முழுக்க பானட்டுக்குள் தலையை விட்டு இருட்டில் கிடப்பது நாம். ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்து இடுப்பு பிடித்துக்கொண்ட அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் திருச்சுழி போகிற ரோட்டில் நான் தகரக் கொட்டகை போட்ட புதிதில் நடந்தவை இவை.

பஸ் எத்தனை மணிக்கு?

கடை திறந்த புதிதில் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் நரிக்குடி பஸ் போய்விட்டதா என்று கேட்க வந்தவர்கள். மீதிப் பேர் குடிக்கத் தண்ணீர் கேட்டவர்கள். என் மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. அவர் எனக்குத் தாய்மாமனும்கூட. நூற்பு மில்லில் மேஸ்திரி. மில்லில் எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். ஐப்பசி வரை பார்ப்பது, அதற்குள் கடை நிமிராவிட்டால் பூட்டிவிட்டு மில்லுக்கு வருவது என்று பேச்சு. எனக்கோ அந்தப் பஞ்சுத் தூசியை நினைத்தாலே மூச்சு முட்டும்.

அப்போதுதான் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. கூரை கிடையாது, இரண்டே ஸீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்த வெளிநாட்டுப் பந்தயக் கார். ஓட்டி வந்தவர் தானியேல் அண்ணாச்சி. நரிக்குடிப் பக்கத்துக் கிராமம், எங்கள் சபைக்காரர், பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டி ஓட்டிய பெரிய அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது இந்தக் காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹெட்லைட்டைப் பார்த்தேன். சுற்றியிருந்த ரப்பர் வளையம் கருவாடாகக் காய்ந்து விண்டுபோயிருந்தது. கண்ணாடிக்குள் எங்கள் ஊர்ச் செம்மண் கால்வாசி நிறைந்து கிடந்தது. அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "பல்பு எரியுது தம்பி. வெளிச்சந்தான் வெளிய வரமாட்டேங்குது."

மாமா வைத்த பரீட்சை

ஐப்பசியில் அண்ணாச்சி மகள் மெர்ஸிக்குக் கல்யாணம். சபைக் கோயிலில் கல்யாணம் முடிந்து பொழுது சாயும் நேரம், பொண்ணு மாப்பிள்ளையை அந்தக் காரில் வைத்து, விளக்குப் போட்டு ஊர்ப் பெரிய தெரு வழியாக அவரே ஓட்டிப் போக வேண்டும். கூலிவேலைக்குப் போன அவருடைய அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெரு அது. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் காரைப் பார்த்துக்கொண்டு.

விஷயம் சபையில் பரவி மாமா காதுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். "அந்தக் கலியாணத்துல ரெண்டு லைட்டும் எரிஞ்சா கடை. ஒண்ணு அணைஞ்சாலும் மில்லு. சரியா மாப்ள?"

விசில் அடிக்காத குக்கர்

மதுரையில் தெருத் தெருவாக அலைந்தேன். அம்பாஸிடருக்கு இருக்கிறது, ஜீப்புக்கு இருக்கிறது, இந்தக் காருக்கு ரப்பர் கிடையாது. டிராக்டர் டியூபை வளையமாக வெட்டிப் போட்டேன், சுருக்கம் விழுந்தது. பிறகு அண்ணாச்சியே ஒரு நாள் சட்டைக்குள்ளிருந்து இரண்டு வளையங்களை எடுத்தார். அளவு ஏறக்குறைய சரி. ஆனால் தடிமன் கூட. திருகை முடுக்க முடுக்க விளக்கு கோணிக்கொண்டது. ஒரு விளக்கு கருவேல மரத்து உச்சியைப் பார்த்தது, இன்னொன்று வாறுகால் சாக்கடையைப் பார்த்தது.

மறுநாள் அவர் மனைவி பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டுக் குக்கரில் ஒன்றும், கல்யாணத்துக்கு வாங்கி வைத்த சீர்க் குக்கரில் ஒன்றும் உருவிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த அம்மா சண்டை போடவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்: "ஏந்தம்பி, காரு விசில் அடிக்குதா? எங்க குக்கரு அடிக்க மாட்டேங்குது."

பாய் கொண்டு வந்த பார்சல்

வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருத்தர் மொபெட் ஹாரன் சரிபண்ண வந்தவர், இந்தக் கூத்தைக் கேட்டுச் சிரித்தார். "எங்க மச்சான் சிங்கப்பூர்ல இருக்காக. நான் அடுத்த மாசம் அங்க போறேன்" என்றார். பழைய ரப்பர் துண்டையும், வளையத்தைச் செய்தித்தாளில் வைத்து நான் வரைந்த வட்டத்தையும் வாங்கிக்கொண்டார். ஹாரன் சரிபண்ணியதைத் தவிர நான் அவருக்கு ஒன்றும் செய்தவனில்லை. மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் வந்து நின்றார். பையில் அசல் வளையங்கள் இரண்டு, கன்னங்கரேலென்று, குழந்தைக் கன்னம் மாதிரி மெத்தென்று. அவற்றைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாய் அதைக் கவனிக்காத மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து விமான நிலையக் கதை சொன்னார். "பவுனு போட்டு வந்தவன எல்லாம் போன்னுட்டான். ரப்பர் கொண்டு வந்த என்னயப் பிடிச்சு, இது எதுக்கு எதுக்குன்னு ஒரு மணி நேரங் கேக்குறான் தம்பி."

பஸ்ஸுக்குப் பின்னால்

ரப்பரில் முகப்பவுடர் தடவி, சுருளாமல் உட்கார வைத்து, எதிரெதிர்த் திருகாக மாற்றி மாற்றி முடுக்கினேன். விளக்கு உட்காரும் கிண்ணத்துக்கு எங்கள் பாஷையில் டூம் என்று பேர். அதன் அடியில் சின்னத் துவாரம் ஒன்று இருந்தது. இது எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பாயும் குனிந்து பார்த்தார். தூசி உள்ளே வர இதைவிட நல்ல வழி வேண்டாம் என்று மூன்று பேரும் ஒருமனதாக முடிவு செய்தோம். சைக்கிள் கடையில் சொல்யூஷன் வாங்கி, டியூப் துண்டை வைத்துப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி ஒட்டினோம். பின்பக்கம் வயர் நுழைகிற வழியைத் துணி சுற்றி அடைத்தோம்.

அடுத்தது சோதனை. எங்கள் சீமையில் சோதனை என்றால் தூசிச் சோதனைதான். திருச்சுழிக்கு அப்பால் ரோடு பெயர்ந்து கிடந்த இடத்தில் ஒரு பஸ்ஸின் புழுதியை விடாமல் பிடித்துக்கொண்டு நரிக்குடி வரை போனோம். நாங்கள் இரண்டு பேரும் செங்கல் நிறத்தில் இறங்கினோம். கண்ணாடிக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சந்தோஷத்தில் அண்ணாச்சி எனக்கு சல்யூட் அடித்தார். பஸ் கண்டக்டர் மட்டும் கையை உதறிக்கொண்டே வந்தார்: "முந்திப் போங்க முந்திப் போங்கன்னு கை காட்டிக் காட்டி எனக்குத் தோளு விட்டுப்போச்சு. வம்புக்கு வாரீகளோன்னு பாத்தேன்யா."

ஐப்பசி

அந்த வருஷம் ஐப்பசி பாதியாகியும் ஒரு சொட்டு மழை இல்லை. கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வெளியே வரும்போது மேற்கே கருத்தது. அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தார். மாப்பிள்ளை அவர் பக்கத்தில். மெர்ஸி பின்னால் டிக்கி மூடியின் மேல் உட்கார்ந்து இரண்டு ஸீட்டுக்கும் நடுவில் கால் வைத்துக்கொண்டாள். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. கார் பெரிய தெருவுக்குள் திரும்பியதும் மழை கொட்டிவிட்டது.

ஒருத்தரும் ஓடி ஒதுங்கவில்லை. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர். வீடுகளுக்குள் இருந்தவர்களும் தெருவுக்கு வந்து நனைந்தார்கள். பொண்ணு வந்த ராசி என்று அந்தத் தெருக்காரர்களே காருக்கு முன்னால் நடந்து வழிவிட்டுக் கூட்டிப்போனார்கள். யாரோ நீட்டிய குடையை மெர்ஸி மடக்கிவிட்டாள். அண்ணாச்சி முகத்தில் வழிந்தது மழையா வேறா என்று நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஹெட்லைட்டை. சக்கரம் வாரியடித்த தண்ணீர், நாங்கள் துணி அடைத்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தூசிக்குத் துணி போதும், தண்ணீருக்குப் போதுமா? உள்ளே போனது வெளியேற இருந்த ஒரே துவாரத்துக்குத்தான் பஞ்சர் ஒட்டியாகிவிட்டதே. கண்ணாடிக்குள் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறி, பல்பு முங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் தெருவெல்லாம் தளதளவென்று ஆடியது. ஜனங்களுக்கு அதுவும் ஓர் அழகாக இருந்தது. எனக்கு மட்டும் மூக்கில் பஞ்சுத் தூசி ஏறுகிற மாதிரி இருந்தது.

மாமா என் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். அண்ணாச்சி வீட்டு வாசலில் கார் நின்றதும் மாமா புது வேட்டியோடு சேற்றில் மல்லாந்து படுத்து, மட்கார்டுக்குள் கையை விட்டு டூமின் அடியைத் தடவினார். ஒட்டியிருந்த டியூப் துண்டை நகத்தால் பிய்த்தார். உள்ளே இருந்த தண்ணீர் அத்தனையும் அவர் முகத்தில் இறங்கியது. இன்னொரு பக்கமும் போய் அதையே செய்தார். விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. எழுந்து மீசையை வழித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தண்ணிக்குள்ளயும் எரிய வச்சிட்ட. நாளைக்கு வெள்ளன போய்க் கடையத் தொற மாப்ள."

இரண்டு குக்கர், ஒரு சிங்கப்பூர்ப் பயணம், ஒரு புது வேட்டி, ஒரு நல்ல மழை எல்லாம் சேர்ந்து நிறுத்திய கடையைத்தான், ஒண்டி ஆளாக நின்று முன்னுக்குக் கொண்டுவந்தவன் என்று ஊரில் என்னைப் பாராட்டுகிறார்கள், நானும் சபை நாகரிகம் கருதி மறுப்பதில்லை.