தோளில் இருந்த நான்கு விரல்கள்

அந்தப் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டவை விரல்கள்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது தோளில் நான்கு விரல்கள். விரல்களுக்குரிய ஆள் இல்லை. அந்த இடத்தில் படத்தைக் கத்தரியால் நேராக வெட்டியிருந்தார்கள். பழைய கருப்பு வெள்ளைப் படம். சட்டத்துக்குள் ஈரம் இறங்கிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாரோ பிய்த்து எடுத்தபோது வாயும் மோவாயும் கண்ணாடியோடு போய்விட்டன. மூக்குக்குக் கீழே வெறும் வெள்ளை.

வில்லியனூரில் ஒரு முஸ்லிம் பாய் வைத்திருந்த போட்டோ கடையில் அப்போது நான் வேலை பார்த்தேன். இன்றும் இதே வேலைதான், கடை மட்டும் வேறு. பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலை அழித்து, மங்கியதைத் தெளிவாக்கித் தருவது. கல்யாணப் படங்களுக்கு வேறு ஆள் இருந்தார். என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் இறந்தவர்கள். வெற்றுடம்போடு நிற்பவருக்குச் சட்டை போடச் சொல்வார்கள், மூடிய கண்ணைத் திறக்கச் சொல்வார்கள், கிழவிக்குச் சுருக்கத்தை எடுக்கச் சொல்வார்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் கண்ணை மூடினாலும் அந்த முகங்களே நிற்கும். கடை முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவள். படங்களை வாங்கி வைப்பது, பிரிண்ட்டை வெட்டிச் சட்டம் போடுவது எல்லாம் அவள்தான். கணவர் அவளோடு இல்லை என்பது மட்டும் தெரியும். அதற்குமேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

படத்தைக் கொண்டுவந்தவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பஸ்ஸில் வந்த களைப்பும் அழுத களைப்பும் சேர்ந்து முகம் வாடியிருந்தது.

"அப்பா தவறிட்டாருங்க. காரியத்துக்குப் பெருசா மாட்டணும். பாகூர்ல காட்னேன், வாயே இல்லியே, ஒன்னும் பண்ண முடியாதுன்ட்டாங்க. வூட்ல வேற நல்ல படமே இல்ல."

"எந்த ஊரும்மா?" என்று அக்கா கேட்டாள்.

"குருவிநத்தம்."

அக்கா படத்தைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "எப்போ?" என்றாள்.

"போன வியாழக்கெழமை. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

தோளில் இருப்பது யாருடைய கை என்று நான் கேட்டேன். "தெரியலைங்க. யாரோ சொந்தக்காரங்கன்னு அம்மா சொல்வாங்க. அந்த வெரலை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். அக்கா படத்தை ஒரு கவரில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள். அன்று தலைவலி என்று மதியமே கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை வந்தவுடன் துணிப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதே நாற்காலி, அதே இளைஞர். ஆனால் வெட்டாத படம். பக்கத்தில் நின்று அவர் தோளில் கைவைத்திருந்த பெண்ணுக்கு அக்காவின் நெற்றி, அக்காவின் மூக்கு.

"இதுல வாய் நல்லா இருக்குது. இதுலேர்ந்து எடுத்துக்கோ."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல் பொட்டு வைத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவளாகவே சொன்னாள். "கல்யாணமாயி ரெண்டாவது வருஷம் பாகூர் பக்கம் கரும்பு வெட்டப் போனாரு. அப்புறம் வரல. அங்க ஒரு குடும்பம் ஆயிடுச்சின்னாங்க. நான் போயி சண்ட போடல. போட்டிருக்கணுமோ இன்னாவோ. ஸ்டுடியோல இதுல ரெண்டு காப்பி குடுத்தாங்க. ஒன்னு அவரு எடுத்துக்கினு போயிட்டாரு." வெட்டிய படத்தைக் காட்டி, "பாதியாவது தூக்கிப் போடாம வச்சிருந்திருக்காரு பாரு" என்றாள்.

ஒரே பிலிமிலிருந்து போட்ட இரண்டு பிரிண்ட்டுகள் என்பதால் வாயைக் கொண்டுவந்து பொருத்துவது கடினமாக இல்லை. விரல்கள்தான் படுத்தின. சட்டைத் துணியைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவற்றின்மேல் வைக்க வேண்டும். மடிப்பு பிசகினால் தோள் வீங்கினதுபோல் தெரியும். மூன்று விரல் போனதும் என் கை நின்றுவிட்டது. பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"எடுத்துடு," என்றாள். "அந்தப் போட்டோக்காரரு கைய வையிம்மா வையிம்மான்னாரு, அதான் வச்சேன். எனக்கு ஒரே வெக்கம். கை நடுங்குதுன்னு ரெண்டு வாட்டி எடுத்தாரு."

எடுத்தேன்.

சட்டம் போட்ட படத்தை வாங்க வந்தபோது அந்தப் பெண் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். "அப்படியே எங்கப்பா. சிரிக்கப் போற மாதிரியே வாய வச்சிக்குவாரு. வாய் எப்படிக்கா வந்துச்சு?"

"கம்ப்யூட்டர்ல எல்லாம் வரும்மா" என்றாள் அக்கா.

"காரியத்துக்கு நீங்களும் வரணுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். துக்க வீட்டுக்காரர்கள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்வதுதான் அது.

இப்போது உண்மையாகவே எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடுகிறது. வாய் இல்லாத படத்துக்கு அதுவே ஒரு வாய் வைக்கிறது. யாருடையதோ ஒரு வாய். அவரைப் பார்த்தவர்கள் யாரும் தேவையில்லை. சில சமயம் வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சரியாத்தான் இருக்கு என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். இது உங்கள் அப்பா இல்லை என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிறேன்.

அந்தக் காரியத்துக்கு அக்கா குருவிநத்தம் போனாள். போவாள் என்று நான் நினைக்கவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அடுத்த நாள் வந்து பிரிண்ட் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"படம் நல்லா இருந்துச்சுடி. கூடத்துல நடுவுல வச்சிருந்தாங்க. இம்மாம் பெரிய மாலை. தோள் ரெண்டும் மறைஞ்சிபோச்சு. நீ அவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல."

"அந்தப் பொண்ணு உங்களப் பாத்துச்சாக்கா?"

"பாத்துச்சு. போட்டோக் கடை அக்கா வந்திருக்காங்கன்னு கையப் புடிச்சி உள்ள கூட்டிக்கினு போச்சு. அவங்கம்மா ஒரு மூலையில உக்காந்திருந்தாங்க. வர்ற பொம்பளைங்க எல்லாம் கட்டிப் புடிச்சி அழுவுறாங்க. நானும் போயி கட்டிப் புடிச்சிக்கினேன். நல்லா அழுதேன்டி. அங்க யாரும் எதுக்கு அழுவுறேன்னு கேக்க மாட்டாங்க இல்ல."

கையிலிருந்த பிரிண்ட்டின் ஓரத்தை வெட்டி முடித்துக் கீழே தள்ளினாள்.

"எந்த ஊரும்மான்னு அவங்கம்மா கேட்டாங்க. வில்லியனூருன்னேன். அவ்ளோ தூரத்துலேர்ந்தா வந்தீங்க, சாப்புடாம போவாதீங்கன்னாங்க. சாப்ட்டுட்டுதான் வந்தேன்."