கைப்பைக்கு ஒரு சீட் பெல்ட்

பெரியக்காவின் பழுப்புக் கைப்பை ஓர் ஆளின் எடை இருக்கும். இதை நான் சொல்லவில்லை, கார் சொன்னது. பக்கத்து இருக்கையில் பையை வைத்த மறுநொடி, யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வண்டி கீச்கீச்சென்று கத்தத் தொடங்கும். உள்ளே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, குடை, தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா வேர்க்கடலை, இன்னும் என்னென்னவோ. அவள் பையிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. பெல்ட்டை இழுத்துப் பையின் குறுக்கே மாட்டிவிட்டாள். சத்தம் நின்றது. திறந்த சிவப்புக் காரில் வலப்பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு பெரியக்கா, இடப்பக்கம் பெல்ட் போட்ட கைப்பை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்தப் பை உட்கார்ந்திருந்த இடம் நியாயமாக எனக்குச் சேர வேண்டியது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பெரியக்கா செங்கல்பட்டில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனையும் என்னையும் படிக்கவைக்கத்தான் அப்படி இருந்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் கண் கலங்குவார்கள். அவள் கலங்க மாட்டாள். “புடிக்கல, பண்ணிக்கல. உங்களுக்காவன்னு எவன் சொன்னான்?” என்பாள். நாங்களும் அதைக் கேட்டுக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் நன்றியுள்ளவர்களாக இருந்தோம். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதற்குக் கூரை திறக்கிற பழைய கார் ஒன்று வாங்கப் போவதாக அறிவித்தாள். வேலைக்குப் போக ஒரு சின்னக் காரை வருடக்கணக்கில் உருட்டியவள்தான். ஆனாலும் நாங்கள் அவளுக்குக் காய்ச்சலா என்று பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் கூரையில்லாத காரில் ஏற இரண்டு பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒருவர் ஓட்டுக் கேட்பவர், மற்றவர் மாப்பிள்ளை. இருவரும் வழி முழுக்கக் கைகூப்பிக்கொண்டே வருவார்கள்; வண்டியை விட்டு இறங்கிய பிறகு இருவரையும் அப்படிப் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. திருப்போரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவருடைய கல்யாண ஊர்வலம் எங்கள் தெருமுனை வரை வந்து, ஊர்த்தெருவுக்குள் நுழைய விடாமல் திருப்பி அனுப்பப்பட்டது. அண்ணன் கல்யாணத்தில், எதற்கு வம்பு என்று, ஊர்வலமே வைக்கவில்லை. இப்போது அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெரியக்கா கார் வாங்கப் போகும் செய்தி இப்படிப்பட்ட நேரத்தில் வந்தால் அண்ணன் சும்மா இருப்பானா?

மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு கார்கள் எங்களுக்காகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று வெள்ளி நிறம், நான்கு இருக்கை, பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். மற்றது சிவப்பு, இரண்டே இருக்கை, துணிக் கூரை, அதையும் கையால்தான் இழுத்து மூட வேண்டும். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு வாரமாகக் கார்களைப் பற்றிப் படித்திருந்தேன். எனக்குக் கார் பற்றித் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். நீச்சலும் அப்படியே.

“அண்ணாத்த, வண்டி உனுக்கா?” என்றார் கொட்டகைக்காரர்.

“அக்காவுக்கு.”

அவர் சிரித்தார். பெரியக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, “அப்ப வெள்ளிய எட்த்துக்கோ மேடம். முகூர்த்த நாளுல வாடகைக்கு வுட்டா வண்டி சும்மா ஓடிகினே இருக்கும்” என்றார்.

அண்ணன் அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவன்போலப் பிடித்துக்கொண்டான். “யக்கா, அத்தயே எடு. பையன பின்னால நிக்க வச்சி ஊர்த்தெருவுல ஒரு சுத்து. அப்பாவ திருப்பி அனுப்பினானுங்க இல்ல? நம்ம சொந்த வண்டில போவணும்.”

மறுக்க முடியாத நியாயம். அதோடு வெள்ளிக் காரின் பின்னிருக்கை மெத்தென்று இருப்பதையும் நான் ஏற்கெனவே உட்கார்ந்து பார்த்திருந்தேன்.

பெரியக்கா அந்தப் பின்னிருக்கையைத்தான் வெகுநேரம் பார்த்தாள். “நாலு சீட்டு கீது. ஞாயித்துக்கெழம ஆனா நாலுக்கும் ஆளு ரெடியா நிப்பீங்க. உன் மாமியாருக்குக் கோயிலு, இவன் பொண்ணுக்கு டியூசன், எவனுக்கோ ஏர்போர்ட்டு. நா ஓட்டிகினே இருக்கணும். ஞாயித்துக்கெழம என்துடா.”

“அப்ப ஊர்வலம்?”

“வாடகைக்கு எடு, நா காசு குடுக்கறேன். ஊர்த்தெருவுல போறதுக்கு மாப்ளயா இருக்கணுமா? நா போவக் கூடாதா?”

அண்ணன் பைக்கை உதைத்துப் புதுப்பட்டினத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டான். சிவப்புக் கார் எங்களுடையதாயிற்று. மன்னிக்கவும், அவளுடையதாயிற்று.

அடுத்த ஞாயிறு மாலை நெம்மேலியிலிருந்து உப்புக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினோம். இடப்பக்க இருக்கையில் நான். பை என் மடியில் இருந்தது. திருப்போரூரில் பேருந்து ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. ஊர்த்தெருவில் கோயிலுக்கு எதிரே, தெருக்காரர்களே சிமெண்ட் போட்டு எழுப்பிய ஒரு வேகத்தடை இருந்தது, மாடு படுத்திருப்பதுபோல. நான் படித்த எதிலும் அதைப் பற்றி இல்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு வயிறு தட்டி, கார் அதன்மேல் உட்கார்ந்துவிட்டது.

கோயில் வாசலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒரு பெரியவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாப்ள எங்கமா?” என்றார்.

“நான்தான்” என்றாள் பெரியக்கா.

“எந்த வூட்டுப் பொண்ணு நீ?”

அவள் எங்கள் தெருவின் பக்கம் கையைக் காட்டினாள். “அங்கதான். ஆஸ்பத்திரி நர்ஸு. உங்க தெருவுல பாதிப் பேருக்கு ஊசி போட்டவ.”

எனக்கு அந்த நேரத்தில் என் மொத்த வாழ்க்கையும் ஒரு பிழை என்று தோன்றியது. பிறகு ஒரு இளைஞன், “நீங்க எறங்குனா வண்டி லேசாவும், தள்ளிடலாம்” என்றான். சொன்னது மரியாதையாகத்தான்.

“நா எறங்க மாட்டேன்” என்றாள், அதே மரியாதையோடு. “தம்பி எறங்குவான்.”

தம்பி இறங்கினான். பையை இருக்கையில் வைத்துவிட்டு, எங்கள் அப்பாவின் ஊர்வலத்தைத் திருப்பி அனுப்பிய தெருவின் ஆண்களோடு சேர்ந்து அந்தக் காரைத் தள்ளினேன். அவள் உட்கார்ந்தபடியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. நான் ஏறுவதற்காக அவள் நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தெருவின் கடைசி வரை மெதுவாக, ஹாரன் அடிக்காமல் போய், வளைவில் திரும்பி மறைந்தாள். நான் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்போரூர் வந்து பேருந்தில் வீடு சேர்ந்தேன். அன்றிலிருந்து அந்த இருக்கை பைக்கு.

அண்ணன் மகனின் ஊர்வலம் வாடகைக் காரில் அதே தெரு வழியாகத்தான் போனது. சிலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, வாழ்த்தவுமில்லை. முன்னால் சிவப்புக் கார் போனது. அதற்கும் முன்னால், வேகத்தடையில் சாய்த்துப் போட இரண்டு பலகைகளைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். கல்யாண வீடியோவில் என்னைப் பந்தல்காரர் என்றுதான் நினைப்பார்கள்.

இப்போது பெரியக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கிளட்சை மிதிக்க முடியவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றான் அண்ணன். மாமல்லபுரத்தில் கல்யாண ஜோடிகளைப் படம் பிடிப்பவர்கள் கேட்கிறார்களாம். முடியாது என்றேன். என் குரலை நானே திரும்பிப் பார்த்தேன். பெரியக்கா சாவியை என் பக்கம் தள்ளி, “ஓட்டத் தெரியுமா, இல்ல படிச்சிருக்கியா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இடப்பக்கம் அவள். பை அவள் மடியில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெல்ட். போன வாரம் நெம்மேலியில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, “மாப்ளயா?” என்று கேட்டார். “மாப்ள நானு. இவன் டிரைவரு” என்றாள். அண்ணன் நேற்றும் போன் செய்து, ஒரு ஞாயிறு தன்னையும் கூட்டிப்போகக் கூடாதா என்று கேட்டான்.

இடமில்லை என்று சொல்லிவிட்டோம்.